மன்குமாரி வைத்த தூபி மரங்கள்

டார்ஜிலிங்கில் பத்மலால் பிரதானின் விடுதிக்கு நேர் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது மன்குமாரி ராயின் வீடு. அவள் கணவன் ரண்தோஜ் அந்த விடுதியில்தான் சமையல் வேலை பார்த்தான்.

விடுதிமேல் இன்னும் இரண்டு மாடி எழுப்பியபோது, கூரையில் விழும் மழைத் தண்ணீரையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்து, பத்மலால் சரிவிலேயே திறந்துவிட்டார். ஓடைவரை கொண்டுபோகச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சாவ்ஜி, தண்ணி எங்க வீட்டு மண்ண அரிக்குது" என்று ரண்தோஜ் முதலாளியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தான்.

"பாத்துக்கலாம்டா காஞ்சா, பாத்துக்கலாம்." அந்த விடுதியில் சின்னவன் என்கிற அர்த்தத்தில் எல்லாரும் அவனைக் காஞ்சா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு ஜூலை மாத மத்தியானம், வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது சரிவு இறங்கியது. அடுப்படியோடு அவனும் போனான். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்ததால் மன்குமாரி தப்பித்தாள்.

சாவுக்கு வந்த பத்மலால் உடல்மேல் வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டு, "மலைன்னா மழை பெய்யும், மண்ணு சரியும். யார நோகுறது, பைனி?" என்றார். தங்கை என்று அவர் கூப்பிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இயற்கைச் சீற்றம் என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள்.

மறுவாரம் பார்த்தால், குழாய் ஓடைக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஆக, அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அன்றோடு மன்குமாரிக்கு அழுகை நின்றுபோனது.

மழை ஓய்ந்ததும் தூபி மரக் கன்றுகள் வாங்கி வந்தாள். விடுதிச் சுவரின் அடியில், தன் நிலத்தின் மேல் ஓரமாக வரிசையாகக் குழி தோண்டினாள். அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு சுக்மித் லெப்சா எட்டிப் பார்த்தாள்.

"தூபியா வைக்கிற? உத்தீஸ் மரம் வைய்யி தீதி. அதுதான் மண்ணப் பிடிக்கும்."

"உத்தீஸ் பனிக்காலத்துல இலையக் கொட்டிரும்."

"கொட்டுனா கொட்டட்டுமே!"

"பனிமலை தெரியுறது அப்பத்தானே?"

சுக்மித் மேலே நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தாள். கஞ்சன்ஜங்காவைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லித்தான் பத்மலால் அந்த அறைகளை வாடகைக்கு விடுகிறார். அவள் போய் ஒரு மண்வெட்டியோடு திரும்பி வந்தாள்.

தூபி ஊசியிலை மரம். குளிரோ வெயிலோ, பச்சை குறையாமல் மளமளவென்று வளரும். மன்குமாரி அதற்குச் சாணம் போட்டாள், ஆடு கடிக்காமல் மூங்கில் தட்டி கட்டினாள். தினமும் அதிகாலையில் அவற்றைத் தடவிப் பார்த்து, "வளருங்கடா, சீக்கிரம் வளருங்க" என்பாள். பிழைப்புக்கு வீட்டுமுன் ஒரு டீக்கடை போட்டாள். மறுபடி கல்யாணம் பேசி வந்த அண்ணனை, டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

மரங்கள் முதல் மாடி ஜன்னலைத் தொட்டபோது பத்மலால் சிரித்தார். இரண்டாம் மாடியைத் தாண்டியபோது ரம்பத்தோடு ஆள் அனுப்பினார். மன்குமாரி மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள். சுக்மித் போட்ட கூச்சலில் தெருப்பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். "வனத்துறை சீட்டு இருக்கா? இல்லாம கை வச்சே, ரம்பம் உன் கையில இருக்காது" என்றாள் ஒருத்தி. வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

அதற்கப்புறம் அவள் காத்திருந்த காலம் வந்தது. குரங்குக் குல்லாயும் கம்பளியுமாகக் கல்கத்தாக்காரர் ஒருவர் விடிகாலையில் படியிறங்கி வந்தார்.

"மலையப் பாக்க இவ்வளவு தூரம் வந்தேன். ஜன்னலத் தொறந்தா மரம்தான் தெரியுது! இங்கிருந்து தெரியுமாம்மா?"

"உள்ள வாங்க. எங்க வீட்டு முற்றத்துல மலைக்கு வாடகை இல்ல."

சிவந்துகொண்டிருந்த பனிச்சிகரத்தைப் பார்த்து அவர் குல்லாயைக் கழற்றிவிட்டார். மறுநாள் இன்னும் சிலரோடு வந்தார். பிறகு தினமும் விடுதி விருந்தாளிகள் அவள் முற்றத்தில்தான் டீக்கோப்பையோடு நின்றார்கள். மேலே மொட்டைமாடிக் கம்பியைப் பிடித்தபடி பத்மலால் அதைப் பார்ப்பார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால், மன்குமாரி எல்லாருக்கும் இன்னொரு சுற்று டீ ஊற்றுவாள்.

கடைசியில் அவரே வந்தார். தலை நரைத்துப் போயிருந்தது. கையில் ஒரு பொட்டலம் நல்ல தேயிலை.

"பைனி, பாதி அறை காலியாக் கிடக்கு. மரத்த மட்டும் எடுத்துரு. நிலத்துக்கு நீ சொல்றதுதான் விலை."

"விலையெல்லாம் வேணாம் சாவ்ஜி. என் புருசன் பேரச் சொல்லுங்க. இப்பவே நானே வெட்டித் தர்றேன்."

பத்மலால் வாயைத் திறந்தார். "காஞ்சா... நம்ம காஞ்சா..."

"அது நீங்க வேலைக்காரன கூப்பிட்ட பேரு. அவரு பேரு?"

ஒன்பது வருடம் அவன் கையால் சாப்பிட்டவருக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை; பொட்டலத்தை டீக்கடைப் பலகைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"போயிட்டு வாங்க சாவ்ஜி. பாத்துக்கலாம்."

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பத்மலால் விடுதியை விற்றுவிட்டு சிலிகுரிக்கு இறங்கினார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது மன்குமாரி சாலையோரம் போய் நின்றாள், அவர் கண்ணில் படும்படியாக. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பன்றிக்கறி சமைத்துச் சுக்மித்தையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஆளே போயாச்சு. இனி மரத்த வெட்டிரலாம்ல, தீதி?" சுக்மித் எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு?"

"மனசு ஆறிருச்சுல்ல."

"யாரு சொன்னா ஆறிருச்சுன்னு?" மன்குமாரி இன்னொரு கரண்டி கறியை அவள் தட்டில் போட்டாள். "நீ சாப்பிடு."