மூன்றாக வெட்டிய நாவல்

நனைந்த குடைகளின் வாடை, டீசல் புகை, யாரோ மடியில் வைத்திருக்கும் சூடான பருப்பு வடை... றொசல்லயிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பின்னேர ரயில் என்றால் எனக்கு இன்றும் இவைதான்.

நாங்கள் மூன்று டீச்சர்மார். நான், செல்வராணி, பாத்திமா. வேலைக்குச் சேர்ந்த புதிது. பாடசாலை றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வீடு ஹட்டனில்.

பாத்திமாவின் வாப்பா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சாமான் சுற்ற வாங்கிய பழைய தாள்கட்டில் ஒரு தடித்த நாவல் அகப்பட்டது. அட்டையைக் காணோம். எழுதியவர் யாரென்றும் தெரியாது.

யார் முதலில் படிப்பது என்று ரயிலில் ஒரே வாக்குவாதம். பாத்திமா பென்சில் சீவும் பிளேடை எடுத்துத் தையலை அறுத்து, புத்தகத்தை மூன்றாகப் பிரித்துவிட்டாள்.

"இப்ப ஆளுக்கு ஒன்னு. சண்டை வேணாம்."

"நான் மொதல்ல இருந்துதான் படிப்பேன்" என்றாள் செல்வராணி.

"எனக்கு முடிவு தெரிஞ்சாத்தான் நிம்மதி" என்று பாத்திமா கடைசிப் பாகத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு நடு.

கடலோர ஊர்க் கதை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை அண்ணன் வளர்க்கிறான். அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் பேச்சை நிறுத்திவிடுகிறான்.

"அந்த மனுசன் தங்கம் டீச்சர்" என்பாள் செல்வராணி.

"தங்கமா? வாசல்ல வந்து நின்ன தங்கச்சிய மழையில திருப்பி அனுப்புன ஆளு" என்பேன் நான்.

பாத்திமா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். அடுத்தவர் படிக்காததைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி.

பிறகு வகுப்பில் இந்த உதாரணத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நடுவில் நுழைந்து பார்த்தால் எந்த மனிதனும் கல்நெஞ்சக்காரன்தான்.

ஒரு சுற்று கைமாறியது. செல்வராணி நடுப் பாகத்தை முடித்த சமயம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை லிந்துலைப் பக்கத் தோட்டத்தில் கிளார்க். திடீரென்று தேதியை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் ரயில் ஏறியதும் சொன்னாள்.

"நாளையில இருந்து நான் வரமாட்டேன். வேலைய விடச் சொல்லிட்டாங்க."

பிறகு சொன்னாள், "அங்க படிக்கிற ஆளே இல்லையாம். இனி யாருகூடப் பேசுறது?"

கடைசிப் பாகம் என் பையில் இருந்தது. நான் படித்து முடித்துவிட்டேன். நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாம் டீச்சர். புத்தகம் மூளியாப் போயிரும்."

அந்த நேரம் பார்த்து ரயில் நின்றது. முன்னால் மண்சரிவாம். வழியைத் துப்புரவாக்கும் வரை அசையாது என்றார்கள்.

நான் பாகத்தைப் பிரித்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

எதிரே மரக்கறிச் சாக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முன்னால் சாய்ந்தார். "டீச்சரம்மா, கதையில அந்தப் புள்ள ஏன் அழுவுது?" பாத்திமா முன்கதையைச் சொன்னாள். ஏறி வந்த ரயில்வே ஊழியர் ஒருவருக்கு அதையே சிங்களத்தில் சொன்னாள். அவரும் கதவோரம் நின்றுவிட்டார்.

"நேரமில்ல, தாண்டித் தாண்டிப் படிங்க" என்றாள் செல்வராணி.

"தாண்டுறதுக்கு இது என்ன கானா, வாய்க்காலா? ஒழுங்காப் படிங்க" என்றார் அந்த அம்மா.

எனக்குத் தொண்டை கட்டியதும் பாத்திமா வாசித்தாள். ரயில் அசைந்தபோது யாரோ, "அட, இன்னங் கொஞ்சம் நின்னுருக்கலாமே" என்றார்கள்.

தங்கை வீட்டுக்குப் போக அண்ணன் செருப்பை மாட்டுகிறான்... ஹட்டன் வந்துவிட்டது.

செல்வராணியின் அப்பா குடையோடு பிளாட்பாரத்தில் நின்றார். அவள் இறங்கப் போனபோது பாத்திமா அந்தப் பாகத்தை அவள் பைக்குள் திணித்தாள்.

"மூளியா இருந்தா இருக்கட்டும். எங்களுக்கு முடிவு தெரியும். ஒங்களுக்குத்தானே தெரியாது."

"எனக்கும் தெரியாதே தாயி" என்றார் அந்த அம்மா. பாத்திமா அவருடைய சாக்கில் ஒரு கை பிடித்து, பஜார் வரைக்கும் கதை சொல்லிக்கொண்டே போனாள்.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திமாவின் கடையில் இருந்தேன். லிந்துலையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். என்ன வேண்டும் என்று வாப்பா கேட்டார்.

"சாமான் வேணாங்க. ஒரு கதையோட முன்பகுதி இங்க இருக்காமே? செல்வராணியக்கா பொழுது சாய எங்க லயத்து வீடுகள்ல இருக்குற பொம்பளைங்களுக்கு அந்தக் கடைசியத்தான் வாசிச்சுக் காட்டுனாங்க. அந்த அண்ணனுக்கு ஏன் அவ்வளவு கோவம்னு தெரியாம இருக்க முடியலைங்க."

பாத்திமா மற்ற இரண்டு பாகங்களையும் தாளில் சுற்றிக் கொடுத்தாள். படிக்கிற ஆளே இல்லாத இடம் என்று பயந்து போனவள் ஒரு லயத்தையே ஹட்டனுக்குத் தேடி வரவைத்துவிட்டாள்.

இப்போது எங்கள் பழைய டீச்சர்மார் வாட்ஸ்அப் குழுவில், "என்ன வாசிக்கிறீங்க? நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று யாராவது தினமும் கேட்கிறார்கள். நல்ல நல்ல புத்தகங்களைச் சொல்கிறார்கள். அன்றைக்கு வாசித்ததைவிட இன்றைக்கு நான் நிறைய வாசிக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அட்டைப் படம் வரும். கட்டைவிரல் காட்டுவோம். எல்லோர் கையிலும் முழுப் புத்தகம் இருக்கிறது. ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கத் தேவையில்லை... ரயிலில் பேசிய பேச்சும் இல்லை.

போன கிழமை புதிதாக ஒரு நாவல் வாங்கினேன். செல்வராணி இப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு எழுதினேன்: "தபால்ல பாதிப் புத்தகம் அனுப்பவா? மீதிய நான் படிக்கிறேன்."

உடனே பதில் வந்தது.

"பின்பாதிய அனுப்புங்க. இந்தத் தடவை நீங்க காத்திருங்க டீச்சர்."