பீடியை விட்ட தாத்தா

பெரம்பலூரில் காலை பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், அரியலூர் வருவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். சிமென்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி வேப்பமரங்களின் மேல் படிந்து, ஊரே பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினது போல இருக்கும். இந்தப் பக்கம் மண்ணைத் தோண்டினால் கல்லாய்ப் போன சிப்பி கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். அந்த நினைப்பிலேயே தூங்குவதாலோ என்னவோ, பஸ் ஓடுவதாகவே தெரியாது, மிதப்பதாகத்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஓர் ஆராய்ச்சியில் கேள்வி கேட்கிற வேலை. வயதானவர்கள் புகைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதெல்லாம் மேலே இருப்பவர்கள். நான் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், திரையில் வருவதை வாசித்து, பதிலைத் தொட வேண்டியவள். "மனச்சோர்வு" என்று எந்த வீட்டிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு அம்மா, "சோர்வுதான் கண்ணு, என்னா வெயிலு" என்று சொல்லி எனக்கும் சேர்த்து மோர் கொண்டு வந்தார். குடித்துவிட்டு "இல்லை" என்று பதிந்தேன். என் லட்சணம் அப்படி.

அன்றைக்குக் கடைசி வீடு ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. பங்குனி மாதம். கீழே விழுந்த பழங்களின் வாசனை தலையைக் கிறக்கியது. நிழலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி அவருடைய மருமகள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, பீடி, சிகரெட்டு ஏதாச்சும் குடிப்பீங்களா?"

"குடிச்சேன். இப்ப வுட்டுட்டேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரம் பார்த்தவர்கள் எல்லாரும் என் முகத்திலேயே புகையை ஊதியவர்கள். "ரொம்ப நல்லதுங்க தாத்தா!" என்று சத்தமாகச் சொன்னேன். திரையில் "விட்டுவிட்டார்" என்பதைத் தொட்டேன். அடுத்த பக்கம் வந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே அடுத்த கேள்வியை வாசித்தேன். மனசைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அவர், "ஒண்ணுமில்லம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் "இல்லை". சீக்கிரம் முடிந்தது. மருமகள்கூட, "மாமா பீடிய வுட்டதிலேருந்து வூடே வாசன மாறிடுச்சுங்க" என்று சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் தாண்டியதும் வழக்கம்போல் கண் சொக்கியது. அன்று பார்த்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கல்சிப்பி, மோர் தம்ளர், முந்திரிப் பழம். நடுவில் தாத்தாவின் குரல், அவசரமே இல்லாமல். "பீடிய வுட்டுட்டேன். வெத்தலய வுட்டுட்டேன். டீக்கடப் பக்கம் போறத வுட்டுட்டேன். சக்கர மாத்திரயையும் வுட்டுட்டேன். சோறுதான், அதுவா வுட்டுக்கிட்டே வருது."

தூக்கிவாரிப்போட்டது. கனவில்லை. அவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. என் காதில் விழுந்திருக்கிறது, நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மனிதர் தன் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர் பஸ் பிடித்தேன்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தாத்தா அதே கட்டிலில், அதே பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"என்னம்மா, எதயாச்சும் வுட்டுட்டுப் போயிட்டியா?"

"ஆமா தாத்தா" என்றேன். டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தேன். "ஏன் தாத்தா எல்லாத்தயும் விட்டீங்க?"

தாத்தா தோப்பைப் பார்த்தபடியே சொன்னார். "கெழவி தையில போயிட்டா. அவ இருக்கறப்ப நான் தீக்குச்சி ஒரசுனாப் போதும், அடுப்படிலேருந்தே வைவா. அவ போனப்பறம் ஒண்ணு பத்த வெச்சேன். யாரும் வையல. ருசிக்கலம்மா. அப்பறம் எதுவுமே ருசிக்கல."

கொட்டை உடைக்கும் சத்தம் நின்றது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாத்திர போடுறாருன்னுல்ல நெனச்சேன். வயசாச்சு, அதான் சோறு கொறைஞ்சுதுன்னு..." என்று அழத் தொடங்கினார். நானும் அழுதேன்.

அங்கிருந்தே எங்கள் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, பதிந்தது தப்பு என்று சொன்னேன். மறுநாள் அந்த ஊர் நர்சம்மா வந்து பார்த்தார். தாத்தாவின் மகன் லீவு போட்டுவிட்டு, அவரை ஜெயங்கொண்டத்தில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் செய்ததெல்லாம் ஒரு பஸ் மாறி ஏறியதுதான்.

இரண்டாவது சுற்றுக்காக நான் மறுபடி போனபோது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தோப்பு முழுக்கச் சலசலப்பு. கட்டில் காலியாக இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா டீக்கடைக்குப் போயிருக்காருங்க" என்றார். கிட்டத்தட்ட ஓடினேன்.

பெஞ்சில் கால்மேல் கால் போட்டுத் தாத்தா உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. விரலிடுக்கில் பீடி.

பீடியை விட்டேன் என்று யார் சொன்னாலும் சந்தோஷப்படுகிறவள் நான். அந்தப் புகையைப் பார்த்து என் மனசு துள்ளியதை இன்றுவரை ஆபீசில் சொன்னதில்லை. டேப்பில் "மீண்டும் புகைக்கிறாரா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று தொட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. "என்ன தாத்தா இது! உடம்பு இப்பத்தான் தேறிட்டு வருது, அதுக்குள்ள இந்தக் கருமத்த வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நெஞ்சு என்னத்துக்கு ஆவும்? அறிவிருக்கா உங்களுக்கு?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. தாத்தாவின் முகம் மலர்ந்து, கண்ணில் நீர் கட்டியது. பீடியைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தார்.

"சரிம்மா, வையாத. வுட்டுடுறேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இத மட்டுந்தான்."