உடைக்கப் போன வீடு

எந்த வீட்டை உடைக்கப் போனாலும் பொன்னம்மா முதலில் அடுப்படிக்குத்தான் போவாள். ஆண்கள் கூரையேறி ஓடு பிரிக்கும்போது இவள் சுவரில் படிந்த கரியை விரலால் தொட்டு, "நல்லா ஆக்கித் தின்ன குடும்பமுங்க" என்பாள். பிறகுதான் இடிமண் சுமக்கும் பாண்டுச் சட்டியை எடுப்பாள்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் சித்தாள் வேலை செய்து தனியாகக் காலந்தள்ளுகிறவள். தொண்ணூறுகளில் அவள் குடியிருந்த அக்ரஹாரம் பகுதியின் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, அந்த இடங்களில் ஃபிளாட்டுகள் எழுந்துகொண்டிருந்தன. கூட வேலை செய்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்றால் அவளுக்குப் பிடிக்காது. "பழசு உழுந்தாத்தானே நம்ம அடுப்பு எரியும்? சும்மா இரு கண்ணு."

அன்று காலையும் வழக்கம்போல, கூலியாட்கள் கூடும் சர்க்கிளில் நின்று லாரி ஏறினாள். வண்டி அக்ரஹாரத்துக்குள் திரும்பியதும் அவளுக்கு ஒரே குஷி. "நம்ம தெருப் பக்கந்தானுங்க. மத்தியானம் வூட்டுக்கே போயி உண்டுட்டு வந்துரலாம்."

லாரி நின்றது. கடப்பாரைகள் இறங்கின. பொன்னம்மா இறங்கவில்லை.

"ஏன், என்னாச்சு?" என்றார் மேஸ்திரி கரியப்பன்.

"இது நானிருக்கற வூடுங்க."

ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள். நான்கு ஏற்கெனவே காலி. மேஸ்திரி முற்றத்தை எட்டிப் பார்த்தார். "எல்லாரும் போயிட்டாங்கன்னு ஓனரு சொன்னாரே?"

"எங்கிட்ட அடுத்த மாசம் காலி பண்ணுன்னாருங்க. ரிப்பேருக்குன்னாரு."

அவள் அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ஆட்கள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே அவள் சாமான்களைச் சுமக்க ஆரம்பித்தார்கள். கட்டில், ஸ்டவ், தண்ணீர்க் குடங்கள். காலையில் வடித்த சோறு பானையில் இன்னும் சூடாக இருந்தது.

"எங்க கொண்டுபோய் எறக்கறது, பொன்னம்மா?" கரியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"கொத்தில்லீங்க" என்றாள், தெரியாது என்பதைக் கன்னடத்தில். கரியப்பன் சாமான்களைத் தெருவோரமே இறக்கச் சொல்லிவிட்டு ஆட்களைக் கூரையேற்றினார்.

கூரைமேல் முதல் ஓடு பெயர்ந்தது. பொன்னம்மா வெறும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பூட்டு போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள்.