கண்வலிக் காலத்தில் கிளிசிங்கின் போன்

கிளிசிங் ஓரிடத்தில் நின்று எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். படுத்தால் கட்டை விரல் ஆடும். படகுத்துறைக்குப் போகும் வழியில், கம்பி அடித்த ஜன்னலுக்குப் பின்னால் அவளுடைய பெட்டிக்கடை. கருவாடு, வினிகர், சோப்பு எல்லாம் உண்டு. ஆனால் கடையின் உயிர் அவள் போன்தான். ஊர் முழுக்க அதில்தான் ரீசார்ஜ் செய்துகொள்ளும்.

வாங்கிய நாளிலிருந்து அதை அவள் ஆஃப் செய்ததே கிடையாது. 'டிங்' என்றால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வருவாள். ஒருமுறை தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் தீவில் பனி பெய்த ஒரே நாள் அதுதான்.

போனை நைலான் கயிற்றில் கட்டிக் கம்பிக்கு வெளியே நீட்டுவாள். வந்தவர்கள் எண்ணைத் தாங்களே தட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள். வாய்விட்டுச் சொன்னால் பின்னால் நிற்பவன் காதில் விழும். யார் யாருக்கு ரீசார்ஜ் போடுகிறார்கள் என்பது வெளியே வந்தால், ஊரில் பாதிக் குடும்பம் அன்று மாலையே இரண்டாகிவிடும். ஆகவே மீன் அறுத்த விரல், பன்றிக்குத் தீனி வைத்த விரல், மூக்கைத் துழாவிய விரல் எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் நடமாடின. ஒரு பல்லி அதன்மேல் தெரியாமல் கால் வைத்து, காலை எடுக்க முடியாமல், மாலை வரை சோப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டு கிடந்தது. எதிர்வீட்டிலிருக்கும் நானே பார்த்தேன். நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் ஊருக்குக் கண்வலி வந்தது.

கண்வலிக்காரனைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே பச்சைக் குழந்தை கூடச் சொல்லும். ஊரே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டது. கணவனும் மனைவியும் முதுகைக் காட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். மூன்று சக்கர வண்டி ஓட்டும் தக்யோ, கண்ணாடி கிடைக்காமல் வெல்டிங் பட்டறைக்காரனின் முகமூடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, துறைக்குப் போக வேண்டியவர்களை இடுப்பளவுக் கடலில் இறக்கிவிட்டான்.

கிளிசிங்குக்கு மற்றவர்களைவிடப் பயம் அதிகம். அவளுடைய தங்கை நோராலினுக்குச் சொகுசுக் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை செபு நகரத்தில் உடல் பரிசோதனை. கண் சிவந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கப்பல் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு போய்விடும். நோராலின் அந்த வாரம் முழுக்கக் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு அலைந்தாள். இமையை இழுத்துப் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

தங்கையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கிளிசிங் கடை ஜன்னலில் மாவுச்சாக்கைக் கிழித்துத் திரை கட்டினாள். ஒரு கண்ணும் உள்ளே வர வழியில்லை. திரைக்குக் கீழே போன் மட்டும் வழக்கம்போலப் போயிற்று, வந்தது.

புதன்கிழமை காலை அவளுக்கு இடது கண் உறுத்தியது.

"நான் யாரையும் பாக்கலையே! திரை கட்டியாச்சு, திரும்பியும் நிக்கிறேன். எந்தப் பாவி பாத்தான் என்னை?"

"மனாங், கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் நோராலின். அக்காவை இங்கே மனாங் என்போம். அவள் குனிந்து திரைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தக்யோ முகமூடியைத் தூக்கினான், கண்ணை நன்றாகக் கசக்கினான், பீளையை வழித்தான், அதே விரலால் எண்ணைத் தட்டினான். போன் உள்ளே வந்தது. கிளிசிங் அதை வாங்கித் தட்டி முடித்துவிட்டு, உறுத்துகிற கண்ணைத் தேய்த்தாள்.

"அதைக் கீழ வைங்க! போன்லதான் வருது!"

"போனுக்குக் கண்ணா இருக்கு, பாக்கிறதுக்கு?"

"கண்ணு வேணாம். விரல் போதும். கண்ணைத் தொட்ட விரல் அதைத் தொடுது, அதைத் தொட்ட விரல் உங்க கண்ணைத் தொடுது."

கிளிசிங்குக்கு அது புரிய ஒரு நொடிதான் பிடித்தது. அடுத்த நொடி பின்கட்டுக்கு ஓடி, துணி வெளுக்கும் பிளீச் வாளியோடு வந்தாள். போன் வாளிக்கு மேலே தொங்கிற்று. நோராலின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ மனாங், அது பாவாடை இல்ல! பிளீச்சு பட்டா கண்ணாடி போயிரும், தண்ணி உள்ள போனா உயிரே போயிரும். கப்பல் பயிற்சியில இதையெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. முதல்ல ஆஃப் பண்ணுங்க."

"ஆஃபா?"

பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல அவள் பார்த்தாள். "படகு வர்ற நேரம்டி! இப்பத்தான் எல்லாரும் வருவாங்க."

"எனக்கு வெள்ளிக்கிழமை பரிசோதனை. ஆஃப் பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

பண்ணினாள். போன் கறுத்ததும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

நோராலின் சார்ஜர் கம்பியை உருவினாள், உறையைக் கழற்றினாள். உறைக்குள் இரண்டு மீன் செதில், ஒரு புனிதரின் படம், குடித்தனம் நடத்திய எறும்புகள். உறையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வீட்டுக்கு வீடு இருக்கிற எழுபது சதவீத ஆல்கஹாலைப் போன்மேல் ஊற்றாமல் மெத்தென்ற பருத்தித் துணியில் ஊற்றி, சொட்டாதபடி பிழிந்து, முன்னும் பின்னும் துடைத்தாள். ஓட்டைகளுக்குள் ஈரம் போகவிடவில்லை. அங்கே காய்ந்த பஞ்சுப் பிரஷ் மட்டும். கிளிசிங் உதவுகிறேனென்று ஹேர்பின்னை நீட்டியதற்குக் கையிலேயே ஓர் அடி வாங்கினாள்.

"காயட்டும்."

"எவ்வளவு நேரம்? அடுப்புல காட்டட்டா?"

"ஆல்கஹாலை அடுப்புலயா? கடையே எரியும்! தானாக் காயும், சும்மா இருங்க."

வெளியே, இன்னொரு எண்ணுக்கும் ரீசார்ஜ் போட நின்றிருந்த தக்யோ கம்பியைத் தட்டினான். "மனாங்! செத்துட்டீங்களா? போனைக் குடுங்க!"

காய்ந்ததும் கிளிசிங் பாய்ந்து போனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நோராலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கையாலதான இப்பக் கண்ணைக் கசக்கினீங்க?"

மறுபடி துடைத்தாயிற்று. அதற்குள் திரைக்குக் கீழே நுழைந்த தக்யோவின் கை போனைக் கவ்வியது. மூன்றாவது முறையும் துடைத்தாயிற்று. கிளிசிங் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள்.

"இனிமே போன் வெளிய வராது. எண்ணைச் சொல்லுங்க, நான் தட்டறேன்."

வரிசையில் முதலில் நின்ற தக்யோ முகமூடிக்குள் ஏதோ முனகினான்.

"கேக்கலை, சத்தமாச் சொல்லு!"

அவன் சொல்லச் சொல்ல, அவனுக்குப் பின்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரனின் முகம் மாறிற்று. அது அந்த ரொட்டிக்கடைக்காரனின் மைத்துனி எண். பிறகு வெல்டிங் முகமூடி ஒரு பக்கமும் தக்யோ மறுபக்கமுமாக ஓடியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கடலில் அவன் நீந்தி ஏறிய தீவின் பெயரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நோராலின் அன்றே துணிமணியோடு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். கிளிசிங்கின் கண் இரண்டும் பழுத்த மிளகாயாகிவிட்டன. வியாழக்கிழமை துறையில், செபுவுக்குப் படகேறிய தங்கையைக் கட்டிப்பிடிக்க முடியாமல், தென்னை மரத்தடியில் நின்றபடி இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு குதித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வினிகர் கேட்டவனுக்குச் சோப்பைக் கொடுத்தாள். எந்தப் படகின் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து போனாள். மூன்று மணிக்கு, அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கையில், போன் 'டிங்' என்றது. உடனே இன்னொரு 'டிங்'.

"மனாங், தங்கச்சியா இருக்கும், எடுங்க!" என்று வரிசை கத்தியது.

கிளிசிங் ஓடினாள். ஆனால் போனிடம் அல்ல, குழாயடிக்கு. சோப்பைக் குழைத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். போன் மறுபடி 'டிங்' என்றது. முழங்கால் இரண்டும் தறிபோல ஆடின. உதட்டைக் கடித்துக்கொண்டு நகக்கண்ணையும் தேய்த்தாள்.

"நான் பாத்துச் சொல்லட்டா?" என்று ஒருவன் கம்பிக்குள் கையை விட்டான்.

"தொட்டா விரல் இருக்காது!"

கழுவினாள், துடைத்தாள், வந்து போனை எடுத்தாள். நோராலின் அனுப்பிய படம். இமைகளை விரித்துப் பிடித்த இரண்டு கண்கள், தேங்காய்ப் பத்தை போல வெள்ளை வெளேர் என்று. கீழே ஒரே வரி: 'தேறிட்டேன் மனாங்.'

கிளிசிங் திரையை விலக்கிவிட்டு வரிசை முழுவதற்கும் படத்தைக் காட்டினாள். பிறகு சிவந்த கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்ட, அதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"கையை எடுங்க!" என்று ஊரே கத்தியது.