நடக்காத மூன்றாவது சுற்று

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தரையில் ஒரு திருகாணியைத் தேடியது. அவளுடைய மூக்குக்கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. கட்டிலுக்கடியில் இருவரும் தவழ்ந்தோம்.

"கணக்கு ப்ரொபசரும் இன்ஜினியரும் சேர்ந்து ஒரு ஸ்க்ரூவைப் புடிக்க முடியல. வெளிய சொல்லிடாதடா" என்றாள்.

கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கடையில் கொடுத்தோம். பவரும் மாறியிருந்தது. "நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று கடைக்காரரிடம் சொன்னாள். திரும்பும்போது என்னிடம், "ஆஸ்பத்திரி வேண்டாம்டா. வீட்டுல இருந்து அந்தப் படத்தை முடிச்சாப் போதும்."

படம்தான் அவள் ஆராய்ச்சி. ஓர் எண்ணைச் சூத்திரத்தில் போட்டு, வரும் விடையைத் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டால், மூன்று முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிறம்; தொடங்கிய புள்ளிக்கு அதைப் பூசினால் படம். நிறங்களின் எல்லையில் மயிரிழை நகர்ந்தாலும் முடிவு மாறிவிடும்.

அவளுடைய இன்னொரு பைத்தியம் நியாயமான வாக்கெடுப்பு. சுவருக்கு என்ன பெயின்ட் என்பதற்குக்கூட நாங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். அவற்றை இரண்டிரண்டாக மோதவிடுவோம். தோற்றது திரும்பி வராது. யாரைப் பற்றிய முடிவோ, அவருக்கு ஓட்டு இல்லை. எல்லாம் அவள் வகுத்த விதிகள்.

அவள் நோய்க்கு மருத்துவர் மூன்று வழி சொன்னார்: அறுவை சிகிச்சை, மருந்து, அல்லது எதுவும் செய்யாமல் வீடு.

"உன் முறையிலயே போட்டுடலாம்" என்றார் அப்பா.

அவருடைய வரிசை அறுவை, மருந்து, வீடு. தம்பிக்கு மருந்து, வீடு, அறுவை. எனக்கு வீடு, அறுவை, மருந்து. அப்பா முதலில் வீட்டையும் மருந்தையும் மோதவிட்டார். வீடு தோற்றது. அடுத்து மருந்தும் அறுவையும். அறுவை வென்றது.

"ஆபரேஷனையும் வீட்டையும் மோத விடலையே?" என்றாள் அம்மா.

"தோத்தது திரும்பி வராதும்மா. நீ போட்ட ரூல்" என்றான் தம்பி.

"உனக்கு ஓட்டும் கெடையாது, பேச்சும் கெடையாது" என்று அப்பா சிரித்தார்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன்." அவளும் சிரித்தாள்.

அந்தச் சுற்று நடந்திருந்தால், வீடு இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருக்கும். இப்படி மூவர் சுழலாக முரண்படும்போது, எந்தச் சோடியை முதலில் எடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். அவள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாள். அக்கட்டுரைகளுக்கெல்லாம் பிழைதிருத்தியவர் அப்பா.

அறுவை அரங்கிலிருந்து அவள் உயிரோடு வரவில்லை.

நேற்று கண்ணாடிக்கடைக்காரர் போன் செய்தார். "அம்மா வரவே இல்லியே சார். காதுல மாட்டிப் பாத்தாத்தான் காலை வளைச்சு சரி பண்ண முடியும். எப்ப அனுப்புறீங்க?"