விரல் மேல் போட்ட பழி

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்கிற பீங்கான் பட்டறையில் என் பாஸ்வேர்டு தெரியாத ஆளே கிடையாது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது என் வேலை. கை எப்போதும் சேறுதான். போனில் மெயிலைத் திறக்க வேண்டுமென்றால் இருந்த இடத்திலிருந்தே பாஸ்வேர்டைக் கத்துவேன். கை காய்ந்திருக்கிற யாராவது அடித்துக் கொடுப்பார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

சாப்பாடு கொண்டுவந்த மகள் ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டாள். "வூட்டுச் சாவிய ரோட்டுல போட்டுட்டு வருவியாம்மா?" என்று அத்தனை பேர் முன்னாலும் வைதாள். அன்றே என் மெயிலுக்குப் பாஸ்கீ வைத்தாள். சாவி போனுக்குள்ளேயே இருக்குமாம். விரலை வைத்தாலோ, போன் திறக்கிற நம்பரைப் போட்டாலோ போதும். மனப்பாடம் வேண்டாம், கத்திச் சொல்லவும் முடியாது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பழைய பாஸ்வேர்டையும் விட்டுவைத்தாள்.

தொல்லை என் விரல்தான். பதினைந்து வருஷம் ஸ்பாஞ்சு பிடித்ததில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின்கூட என்னை லேசில் ஒத்துக்கொள்ளாது.

மகளுக்கு நர்சிங் கவுன்சலிங் நடந்தது. எந்தக் காலேஜ் வேண்டும் என்பதைக் கடைசி நாள் ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்கான ஓ.டி.பி. நம்பர் என் மெயிலுக்குத்தான் வரும். நாலரைக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லும்மா. லேட்டாச்சுன்னா சீட்டு போயிரும்."

கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். ஒரு மெசேஜ் வந்திருந்தது. உங்கள் மெயில் இன்றோடு மூடப்படுகிறது, உடனே உள்ளே வரவும் என்றது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அதைத் தொட்டதும் மெயில் பக்கம் மாதிரியே ஒன்று வந்தது. பாஸ்கீ என்று இருந்த இடத்தை அழுத்தினேன். இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றது. அதைப் படிக்கிற நிலையில் நான் இல்லை. விரலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குழாயில் கழுவி, முந்தானையில் அழுத்தித் துடைத்து, மறுபடி வைத்தேன். அப்போதும் அசையவில்லை. சனியன் பிடித்த விரல் என்று வாய்விட்டே திட்டினேன். மணி நாலு நாற்பத்தைந்து.

பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த மங்கலம்பேட்டைப் பெண் எட்டிப் பார்த்தாள். "கீழ பாஸ்வேர்டுன்னு கட்டம் இருக்குது பாருங்க அக்கா. குடுங்க, நானே அடிச்சுடறேன்." அவளுக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே. கொடுத்தேன். அதற்குள் போன் திரை அணைந்திருந்தது. "லாக் ஆயிடுச்சு, தொறந்து குடுங்க அக்கா," என்று நீட்டினாள்.

அதே விரலை வைத்தேன். பட்டென்று திறந்தது.

அவள் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். "நிறுத்துடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பியது. போனைத் திறந்த விரல் இந்தப் பக்கத்தில் மட்டும் ஏன் எடுபடவில்லை? மகளைக் கூப்பிட்டேன்.

மேலே இருந்த முகவரியைப் படிக்கச் சொன்னாள். பாதி படிப்பதற்குள் அலறினாள். "அது நம்ம மெயிலே இல்லம்மா! பாஸ்கீ எந்த எடத்துக்குன்னு வெச்சமோ அங்கதான் வேலை செய்யும். நீ ஏமாந்தாலும் அது ஏமாறாது. மூடிட்டு மெயில் ஆப்பைத் தொற."

திறந்தேன். மெயிலை யாரும் மூடவில்லை. நம்பர் மேலேயே இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன். "முடிஞ்சுதும்மா," என்றாள். ஐந்தாக நாலு நிமிஷம் இருந்தது. பாஸ்வேர்டை முழுசாக அடித்திருந்தால் மெயிலும் நம்பரும் எவனோ ஒருவன் கையில் இருந்திருக்கும்.

அன்றே அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். புதிதை எனக்கே சொல்லவில்லை.

நான் சேற்றுத் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதேன். யாரோ அனுப்பிய பக்கத்தை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. பதினைந்து வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட விரலைத்தான் சந்தேகப்பட்டேன்.