சேவுகன் பிடித்துக் கொடுத்த தண்ணீர்

செவந்தி வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது என்று யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் காலை ஆறரைக்கு வந்துவிடும். வந்த தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் ஒன்பது வருடமாக அவளுக்குப் புரியவில்லை. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. புது சில்வர் குடம் மூன்றே மாதத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். தலைக்குக் குளித்தால் சீப்பு இறங்காது. குழாயின் வாயில் உப்பு கட்டிக்கொண்டு தண்ணீர் மூன்று பக்கமும் பீச்சி அடிக்கும். ஸ்குரூ டிரைவரை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். இதற்கும் தண்ணீர் வரி உண்டு. அதை ஒரு நாள் தள்ளிக் கட்டினால் நோட்டீஸும் உண்டு.

செவந்தி பிறந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டு ஊர். புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் சேவுகன் பதினான்கு வருடம் குவைத்தில் லாரி ஓட்டினார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் டவுனை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினார்கள். மனை விற்ற மனுஷன் அந்த இடத்துக்கு கங்கா நகர் என்று பெயர் வைத்திருந்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அங்கே இருந்தது ஒரே ஒரு போர்வெல், அதிலும் உப்பு. காவிரித் தண்ணீர்க் குழாய் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கேட்டால், “லைன் அங்கனயே முடிஞ்சிருச்சும்மா” என்பார்கள். ஏதோ உலகமே அங்கே முடிந்துவிட்ட மாதிரி.

“பாலைவனத்துல இருந்தப்பக்கூட நல்ல தண்ணி குடிச்சேன் செவந்தி. சொந்த ஊருக்கு வந்துதான் உப்பக் குடிக்கிறேன்” என்று சேவுகன் சிரித்துக்கொண்டே சொல்வார். அவரால் சிரிக்க முடிந்தது. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முதன்முதலில் குழாய்த் தண்ணீரிலேயே ஆட்டினாள். உளுந்து பொங்கவே இல்லை. வாங்கிப்போனவர்கள், “என்னக்கா, இட்லி கல்லு மாதிரி இருக்கு” என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிவிஎஸ்-50-இல் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போகிறாள். அங்கிட்டு இருக்கிறவர்கள் பிடித்து முடிக்கிற வரைக்கும் ஓரமாக நிற்க வேண்டும். “ஒங்க தெருவுல கொழாயே இல்லையா?” என்று யாராவது கேட்பார்கள். கேட்டதைக் காதில் வாங்காத மாதிரி குடத்தைத் தூக்கி வர வேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்கவும் மாவு ஆட்டவும் மட்டும்தான். வேறு எதற்கும் அதில் சேவுகன்கூடக் கை வைக்கக் கூடாது.

மனு எழுதவும் அவள் கற்றுக்கொண்டாள். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி ஆறு மனு கொடுத்தாள். ஆறுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. அது எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லாமல் விடுகிறேன். எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஏழாவது மனுவுக்குத்தான் ஒரு வழி பிறந்தது. குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதிப்பார்கள். மோசம் என்று ரிப்போர்ட் வந்தால், காவிரி லைனை நீட்டிக்கிற பட்டியலில் அவர்கள் தெருவும் சேரும்.

சோதனைக்கு ஆள் வருகிற நாளில் அவளுக்குத் தம்பி மகளின் வளைகாப்பு. போகாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது சேவுகனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். “ஆபீஸ்லேருந்து வாரவரை நல்லபடியாக் கவனிச்சு அனுப்புங்க. மூஞ்சி கோணாமப் பாத்துக்கங்க.”

அவர் அப்படியே செய்தார். வந்தவன் பிரசாந்த் என்ற சின்ன வயதுக்காரன். வெயிலில் வந்த பிள்ளை என்று உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே சேர் போட்டு உட்கார வைத்தார். டீ கொடுத்தார். அவன் இரண்டு பாட்டிலை நீட்டி, “தண்ணி புடிக்கணும் சார்” என்றான். “நீங்க உக்காருங்க தம்பி, நான் புடிச்சாறேன்” என்று வாங்கிக்கொண்டு போனார். குழாயடி வரைக்கும் போனவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த உப்புத் தண்ணீரைப் பிடித்து ஒரு ஆபீஸ் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? வீட்டைப் பற்றி என்ன நினைப்பான்? திரும்பி வந்து, செவந்தி மூடி வைத்திருந்த குடத்திலிருந்து இரண்டு பாட்டிலையும் ரொப்பி, வெளிப்பக்கம் துண்டால் துடைத்துக் கொடுத்தார். பிரசாந்த் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டார். என் வீட்டுக் குழாயில், என் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தண்ணீரின் கடினத்தன்மை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, குடிக்க உகந்தது, மனு முடித்துவைக்கப்படுகிறது. செவந்தி இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

“பாட்டில்ல யாருங்க புடிச்சது?”

“நான்தான். நல்ல தண்ணியாவே குடுத்தேன். நீதானே நல்லாக் கவனிக்கச் சொன்ன?”

பக்கத்துத் தெருவில் பேச்சு வாங்கிக்கொண்டு அவள் பிடித்து வந்த தண்ணீர், அவள் தெருவுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சாட்சி சொல்லியிருக்கிறது! “வாரவரைக் கவனிக்கச் சொன்னா வாய்க்கரிசி போட்டு அனுப்பிருக்கீகளே எனக்கு!” என்று கத்தினாள். அதற்கப்புறம் நாலு நாள் அவரோடு பேச்சில்லை. தெருவுக்குள் விஷயம் பரவி ஆளாளுக்குச் சிரித்தார்கள். எதிர்வீட்டு இளமதி, “மாமா எனக்கும் ரெண்டு பாட்டில் ரொப்பிக் குடுங்க” என்றாள். சேவுகன் வாசல் பக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். இன்ஜினியர் கார்த்திகேயன் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, “இவருதான் சார் அந்த நல்ல தண்ணி” என்று காட்டினார். சேவுகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாலைவனத்தில் லாரி ஓட்டிய மனுஷன், ஒரு மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். நாலு நாளாக அவர்மேல் இருந்த கோபம் மொத்தமும் அந்த நிமிஷம் வேறு பக்கம் திரும்பியது.

“சிரிச்சு முடிச்சிட்டீங்களா சார்? கொழாயத் தொறந்து தண்ணி புடிக்க வேண்டியது யாரு வேல? எங்க வீட்டுக்காரரு வேலையா?”

பிரசாந்தைக் கூப்பிட்டார்கள். “அவருதான் சார் புடிச்சுக் குடுத்தாரு” என்றான்.

“நீ கொழாயடிக்கு வந்தியா தம்பி? கொழாய் எங்கிட்டு இருக்குன்னாவது ஒனக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான். இன்ஜினியரின் முகம் சட்டென்று மாறியது. குழாயைத் திறக்காதவனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேவுகனிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “தவறான தண்ணீர் மாதிரியைக் கொடுத்துவிட்டேன், அதற்கு வருந்துகிறேன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் மறுபடி எடுக்க முடியும்.”

“எழுதாதீங்க!” என்றாள் செவந்தி. “இவுங்க செஞ்ச தப்ப நீங்க எதுக்குச் சுமக்கணும்?”

“எழுதலைன்னா லைன் வராது செவந்தி.”

எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வருந்துகிறேன் என்று எழுதியபோது செவந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்துவார் என்று பார்த்தால், அவர் பேனாவை வைக்கவில்லை. இன்னும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஜினியர் அதைச் சத்தமாகவே படித்தார். “எங்கள் தெருக் குழாயில் வருவது வீட்டுக்கு வந்த மனுஷருக்குக் கொடுக்கிற தண்ணீர் இல்லை என்பதால் வேறு தண்ணீர் கொடுத்தேன்.” படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார். “இந்தக் கடைசி வரி வேணாம். அடிச்சிருங்க.”

“அத அடிச்சா எங் கையெழுத்தையும் சேத்து அடிச்சிருங்க சார்” என்றார் சேவுகன். குரல் உயரவில்லை. “வருந்துறேன்னு எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். எதுக்கு வருந்துறேன்னு நான்தானே எழுதணும்?”

பக்கத்து மேசைக்காரர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கார்த்திகேயன் நீட்டிய தாளைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அதில் குத்தினார்.

அன்று மத்தியானமே பிரசாந்த் வந்தான். செவந்தி சேர் போடவில்லை. நேரே குழாயடிக்குக் கூட்டிப்போனாள். காலையில் வந்த தண்ணீர் நிரம்பியிருந்த தொட்டியின் குழாயை அவனே திறந்தான். பாட்டிலைப் பிடிப்பதற்கு முன்னால், எதற்கென்று தெரியவில்லை, ஒரு கை அள்ளி வாயில் விட்டான். விட்ட வேகத்தில் துப்பினான்.

“இதயாக்கா இத்தன வருசமா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“துப்புனதையும் அந்தத் தாள்ல எழுதிக்க தம்பி” என்றாள் செவந்தி.